ஆயா வீட்டுத் தாம்புக்கயிறு

திருவந்திபுரத்தில் என் ஆயா வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக்கொட்டாய் இருந்தது. பின்வாசலுக்கும் கொட்டாய்க்கும் நடுவில் ஒரு கிணறு, துணி துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம். பகலில் கண்ணை மூடிக்கொண்டே போய்வந்துவிடலாம். ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் அங்கே போயிருந்தபோது ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. ராந்தல் விளக்கை ஒட்டி உட்கார்ந்து அம்புலிமாமாவில் வேதாளக் கதை படித்துக்கொண்டிருந்தேன். வேதாளம் முருங்கை மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கன்னுக்குட்டி கத்துதே, அவுத்துக்கிச்சா பாருடா" என்றாள் ஆயா.

டார்ச்சில் கட்டை தீர்ந்துபோயிருந்தது. பயமாக இருக்கிறது என்று சொல்ல மானம் விடவில்லை. கையில் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு (எதற்கு என்று இன்றுவரை தெரியாது) இறங்கினேன். துவைக்கிற கல்லைத் தாண்டி இரண்டு எட்டு வைத்திருப்பேன். எதிரே தரையில் கறுப்பாக, தடிமனாக, வளைந்து ஒன்று கிடந்தது. அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது, நான் பின்வாசல் படியில் நிற்கிறேன், சொம்பு எங்கோ டணடணவென்று உருண்டுகொண்டிருக்கிறது, தொண்டையிலிருந்து "பாம்பு! பாம்பு!" என்று ஒரு குரல் வருகிறது. நான் எப்போது திரும்பினேன், எப்போது ஓடினேன் என்பது எனக்கே தெரியவில்லை.

ஆயா ராந்தலோடு வந்தாள். குனிந்து பார்த்தாள். அந்தக் கறுப்பைக் கால் கட்டைவிரலால் தூக்கி எனக்குக் காட்டினாள். கன்றுக்குட்டி அறுத்துக்கொண்டு போன தாம்புக்கயிறு.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றாள். அந்த லீவு முழுவதும் என் மாமன் பிள்ளைகளுக்கு என் பெயர் 'கயிறு'.

வெள்ளைக்காரர்கள் இதையே 'நிழலைக் கண்டு துள்ளுவது' என்பார்கள். ஊருக்கு ஊர் இதற்கு ஒரு சொலவடை இருக்கிறது. ஆனால் நம் பழமொழியில் கூடுதலாக ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. அதில் இரண்டு காரணங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று 'இருண்டது'. இன்னொன்று 'அரண்டவன்'. குற்றம் பாதி வெளியே இருக்கும் இருட்டில், மீதி உள்ளே இருக்கும் ஆளில். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் இருட்டு. நம் கண்ணின் பின்சுவரில், விழித்திரையில், ஒளியை உணர இரண்டு வகை செல்கள் இருக்கின்றன. கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். குச்சி செல்கள் சுமார் 12 கோடி. கூம்புகள் பகல் வேலைக்காரர்கள். நிறம் காட்டுவதும், ஊசியில் நூல் கோர்க்கிற அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்க வைப்பதும் அவைதாம். குச்சிகளுக்கு நிறம் தெரியாது, நுணுக்கமும் தெரியாது. ஆனால் துளி வெளிச்சம் இருந்தாலும் போதும். குச்சிகளுக்குள் ரோடாப்சின் என்றொரு நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது வெளுத்துப்போகும். மறுபடி இருட்டில் முழுக்க ஊறி நிறைய 20 முதல் 30 நிமிடம் ஆகும். நானோ ராந்தலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குச்சிகளையெல்லாம் வெளுக்கவிட்டு, நேரே இருட்டில் இறங்கியவன். முக்கால்வாசிக் குருடாகத்தான் போயிருக்கிறேன்.

ரோடாப்சின் செய்ய உடம்புக்கு வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் மாலைக்கண் வரும். வேதாளம் தொங்குவதாக நான் பயந்த அதே முருங்கை மரத்தின் கீரையில் அந்தச் சத்துக்கான மூலப்பொருள் ஏராளம் என்பதைப் பிற்பாடு படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இன்னொரு வேடிக்கை. நாம் ஒன்றை நேராக உற்றுப் பார்க்கும்போது அதன் பிம்பம் விழித்திரையின் நடுக்குழியில் விழுகிறது. அந்த இடத்தில் கூம்புகள் மட்டுமே; குச்சி ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே இருட்டில் மங்கலான பொருள் ஓரக்கண்ணுக்குத் தெரியும், நேராகத் திரும்பிப் பார்த்தால் காணாமல் போகும். "ஓரமா ஏதோ நின்னுச்சு, திரும்பிப் பார்த்தா இல்ல" என்று பேய்க்கதை சொல்கிற எல்லாரும் சொல்வார்கள் இல்லையா? அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணின் கட்டுமானமே அப்படி. இதை நீங்களே சோதிக்கலாம். மார்கழியில் மொட்டைமாடிக்குப் போய், தெருவிளக்கு படாத மூலையில் அரைமணி நேரம் இருங்கள். செல்போனைத் தொடக்கூடாது, தொட்டால் ரோடாப்சின் கணக்கு மறுபடி முதலிலிருந்து. பிறகு கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைத் தேடுங்கள். நேராகப் பார்த்தால் சிலவே தெரியும். பார்வையைக் கொஞ்சம் பக்கத்தில் தள்ளி வைத்தால் இன்னும் சில முளைக்கும். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையேறி, கம்பங்களையெல்லாம் சாய்த்து, நம் மாவட்டத்தில் பல நாள் கரண்ட் இல்லாமல் போனதே, அப்போது வானம் இப்படித்தான் கொட்டிக் கிடந்தது. அந்தப் புயலில் நல்லது என்று சொல்ல எனக்கு வேறு ஒன்றும் அகப்படவில்லை.

ஆக, என் கண் மூளைக்கு அனுப்பிய படத்தில் என்ன இருந்தது? நிறம் இல்லை. நார் முறுக்கு இல்லை. அறுந்த நுனி இல்லை. 'தரையில் வளைந்த கறுப்புக் கோடு', அவ்வளவே. மிச்சத்தை மூளை தன் கையிலிருந்து போட்டு நிரப்பியது. மூளைக்குக் குறைப்படம் பிடிக்காது. கைவசம் இருக்கிற பழைய படங்களில் எது பொருந்துமோ அதை ஒட்டிவிடும். கொடியில் காயும் சட்டை ஆளாக நிற்பதும், பலாமரத்துக் காய் தலையாகத் தொங்குவதும் இப்படித்தான். பெரியவர்களுக்கும் இது நடக்கும். 1976இல் வைக்கிங் 1 என்ற விண்கலம் செவ்வாயிலிருந்து அனுப்பிய படத்தில் ஒரு மலை மனித முகமாகத் தெரிந்தது. எத்தனை புத்தகங்கள், எத்தனை கட்டுக்கதைகள்! 2001இல் இன்னொரு விண்கலம் தெளிவாகப் படமெடுத்துக் காட்டியபோது அது வெறும் குன்று. செவ்வாய்க்கும் ஒரு ராந்தல் தேவைப்பட்டிருக்கிறது.

இனி 'அரண்டவன்'. பாதி தெரிந்த படத்தை ஒட்டும்போது மூளை ஏன் கயிற்றை விட்டுவிட்டுப் பாம்பை எடுத்தது?

மூளையின் நடுவில் தலாமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற மேசை மாதிரி. கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் வருகிற செய்தி அங்கே வந்து சேரும். அங்கிருந்து ஒரு நகல் பெரிய சாலை வழியாக, தலையின் பின்பக்கம் இருக்கும் பார்வைப் புறணிக்குப் போகிறது. அங்கே கோடு, வளைவு, அசைவு என்று பிரித்து, நிதானமாக ஆராய்ந்து, 'இது இன்னது' என்று முடிவு சொல்வார்கள். இன்னொரு நகல் சந்து வழியாக, வாதாம் பருப்பு அளவில், வாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலாவுக்குப் போகிறது. அமிக்டலா படித்த ஆள் இல்லை, காவல்காரன். ஜோசப் லெடூ என்ற அமெரிக்க விஞ்ஞானி எலிகளுக்கு ஒலி கேட்கவைத்துச் செய்த சோதனைகளில் இந்தச் சந்துவழி தெளிவானது. நம் கண்ணுக்கு இந்தச் சந்து எவ்வளவு முக்கியம் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது. ஆனால் ஆராய்ச்சி முடிவதற்குள் காவல்காரன் விசில் ஊதிவிடுகிறான் என்பதில் சந்தேகம் இல்லை. என் சொம்பே சாட்சி.

விசில் ஊதியதும் சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினை ரத்தத்தில் கொட்டும். இதயம் படபடக்கும். கண்மணி விரியும். கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்துவிடும்; ஓடுவதற்குத் தீனி அது. வயிற்றுக்குப் போகிற ரத்தம் குறைந்து தொடைக்குத் திரும்பும். 'வயிற்றைக் கலக்குகிறது' என்று சொல்வது சும்மா இல்லை. மயிர்க்கூச்செறியும். பூனைக்கு இது உதவும். சிலிர்த்துக்கொண்டு இரண்டு பூனை அளவு தெரியும். நமக்கு இருப்பதோ பூனைமயிர். பழைய காலத்து ஏற்பாடு, எடுத்துப் போடாமல் விட்டிருக்கிறது.

இந்தக் காவல்காரன் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வேதாளக் கதை படித்தவனுக்குள் அவன் ஏற்கெனவே விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறான். மனிதர்களைத் திடீர்ச் சத்தத்தால் திடுக்கிட வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். வெளிச்சத்தில் திடுக்கிடுவதைவிட இருட்டில் அதிகமாகத் திடுக்கிடுகிறோம். எலியை வைத்துப் பார்த்தால் நேர் தலைகீழ். எலி ராத்திரிப் பிராணி. இருட்டு அதற்கு வீடு. பளிச்சென்ற வெளிச்சத்தில்தான் அதற்குக் குலை நடுங்கும். எலிகள் பழமொழி சொன்னால் 'அரண்டவன் கண்ணுக்கு வெளுத்ததெல்லாம் பேய்' என்றுதான் சொல்லும்.

கயிறு நடந்த மூன்றாம் நாள். டார்ச்சுக்குப் புதுக் கட்டை வாங்கிப் போட்டாயிற்று. ஆயா கொட்டாய்க்குக் கிளம்பினாள். முதலில் படியில் நின்றபடியே டார்ச்சைத் தரையில் வீசினாள். தடியால் தரையை இரண்டு தட்டுத் தட்டினாள். அப்புறம்தான் கால் வைத்தாள். நான் விடுவேனா?

"நீ மட்டும் ஏன் ஆயா பயப்படுற? இருண்டதெல்லாம் பேயா?"

"கயிறுன்னு நெனச்சுப் பாம்ப மிதிச்சவன் எவனும் திரும்பி வந்து பழமொழி சொல்லலடா" என்றாள்.

எனக்கு அப்போது இது விளையாட்டுப் பேச்சாகப் பட்டது. ரொம்ப வருடம் கழித்து, ராண்டால்ஃப் நெஸ்ஸி என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியதைப் படித்தபோது ஆயாவின் குரல்தான் காதில் கேட்டது. ரயில் பெட்டியிலும் பெரிய கடைகளிலும் கூரையில் வட்டமாக ஒரு பெட்டி இருக்கும், புகை வந்தால் கத்தும். யாராவது ஊதுவத்தி கொளுத்தினாலும் சில சமயம் கத்தித் தொலைக்கும். ஏன் அதைக் கொஞ்சம் மந்தமாகச் செய்யக்கூடாது? மந்தமாகச் செய்தால் நிஜத் தீயிலும் ஒருநாள் சும்மா இருந்துவிடும். வீணாகப் பத்துத் தடவை கத்தினால் எரிச்சல்தான். கத்த வேண்டிய ஒரு தடவை கத்தாவிட்டால் கட்டடமே போய்விடும். நம் பயமும் அப்படி அமைந்த கருவி என்கிறார் நெஸ்ஸி.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ராத்திரி, தரையில் 100 கறுப்புக் கோடுகள். 99 கயிறு, ஒன்று பாம்பு. துள்ளுகிற பையன் 100 தடவையும் துள்ளுகிறான். அவனுக்கு நஷ்டம் 99 வெட்டித் துள்ளல், ஒரு சொம்பில் சொட்டை, ஒரு பட்டப்பெயர். துள்ளாத பையன் 99 தடவை கம்பீரமாக நடந்து போகிறான். அந்த இன்னொரு ராத்திரி? நாம் எல்லாரும் துள்ளியவர்களின் பேரன் பேத்திகள். துள்ளாதவர்களுக்குப் பேரன் பேத்தி குறைவு.

இது வெறும் கதைக் கணக்கும் இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. வருடத்துக்குச் சராசரி 58,000. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். ஆயாவின் டார்ச்சும் தடியும் வீண் பயம் இல்லை.

வீண் பயம் வேறு இடத்தில் இருக்கிறது. கொம்பேறிமூக்கன் பாம்பைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். கடித்துவிட்டுக் கொம்பில் ஏறிக்கொள்ளும், கடிபட்டவர் எரிகிற புகையைச் சுடுகாட்டில் பார்த்த பிறகுதான் இறங்கும் என்பார்கள். பாவம், அது விஷமே இல்லாத பாம்பு. பல்லியையும் தவளையையும் தேடித்தான் மரம் ஏறுகிறது. பச்சைப்பாம்புக்குக் 'கண்கொத்தி' என்று பெயர் வைத்து அடிக்கிறோம். அது கண்ணைத் தேடிக் கொத்துவதில்லை. பயப்பட வேண்டிய நான்கு வேறு: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். கடிக்கு மருந்து செய்ய இந்த நான்கின் விஷம் வேண்டும். அதை எடுத்துக் கொடுப்பவர்கள் மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் இருளர்கள். கையில் நாகத்தைப் பிடித்தபடி அவர்கள் ஊர்க்கதை பேசுவார்கள். அவர்களுக்குப் பயமே இல்லையா என்றால், இருக்கிறது. எங்கே எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

பாம்புப் பயம் பிறக்கும்போதே வருகிறதா, பார்த்துக் கற்றுக்கொள்வதா? 1980களில் அமெரிக்காவில் சூசன் மினேகாவும் மைக்கேல் குக்கும் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பு என்றால் என்னவென்றே தெரியாது. பக்கத்தில் வைத்தாலும் பெரிதாகப் பயப்படவில்லை. இன்னொரு குரங்கு பாம்பைக் கண்டு அலறுகிற வீடியோவை அவற்றுக்குப் போட்டுக் காட்டினார்கள். உடனே கற்றுக்கொண்டன. பிறகு அதே வீடியோவில் பாம்பை எடுத்துவிட்டுப் பூவை ஒட்டினார்கள். குரங்கு பூவைக் கண்டு அலறுகிறது! பார்த்த குரங்குகள் பூவுக்குப் பயப்படக் கற்றுக்கொள்ளவே இல்லை. அதாவது பயம் அச்சடித்துத் தரப்படவில்லை. ஆனால் சில பயங்களுக்கு மட்டும் மூளையில் மண் பதமாக உழுது வைக்கப்பட்டிருக்கிறது. விதை விழுந்தால் போதும், முளைத்துவிடும்.

நம் ஊர்க் குரங்கிடமும் கேட்டிருக்கிறார்கள். தலையில் நடுவகிடு எடுத்துச் சீவிய மாதிரி இருக்குமே, அந்த நாட்டுக்குரங்கு. தென்னிந்தியக் காடுகளில் உமா ராமகிருஷ்ணனும் ரிச்சர்ட் காஸும் சிறுத்தை பொம்மைகளை வைத்துப் பார்த்து 2000இல் எழுதினார்கள். புள்ளி போட்ட பொம்மையைக் கண்டதும் குரங்குகள் பறந்தடித்து மரம் ஏறின. அதே உருவத்தில் கறுப்புப் பொம்மை. அந்த வேகம் இல்லை. குரங்கின் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் இல்லை. புள்ளி போட்டதெல்லாம் பேய். பொம்மைக்குப் பயந்து ஓடிய குரங்கை முட்டாள் என்பீர்களா? நான் சொல்லமாட்டேன், எனக்குக் கயிறு என்று பெயர்.

எங்கள் ஆயா ஊரின் பெயரிலேயே ஒரு பாம்பு இருக்கிறது. திருவந்திபுரத்தின் பழைய பெயர் திருவஹீந்திரபுரம். அஹி என்றால் சமஸ்கிருதத்தில் பாம்பு. அஹீந்திரன் பாம்புகளின் அரசன், ஆதிசேஷன். பெருமாளுக்குத் தாகம் எடுத்தபோது ஆதிசேஷன் வாலால் தரையில் அடித்துத் தண்ணீர் கொண்டுவந்ததாகத் தலபுராணம். கருடன் போய்க் கொண்டுவந்த தண்ணீர்தான் பக்கத்தில் ஓடும் கெடிலம் என்பார்கள். பெருமாள் கோயிலுக்கு எதிரே குன்றின் மேல் குதிரை முகத்தோடு ஹயக்ரீவர். பரீட்சை சமயத்தில் பேனாவோடு கூட்டம் ஏறும். வேதாந்த தேசிகர் இந்த ஊரில்தான் பல வருடம் இருந்தார். கயிற்றைப் பாம்பென்று நினைப்பது என்ற உதாரணம் வேதாந்தக்காரர்கள் நூற்றாண்டுகளாகத் திருப்பித் திருப்பி அலசியது. அமிக்டலா தெரியாத காலத்திலேயே, இல்லாத பாம்பு இருக்கிற காலை எப்படித் துள்ள வைக்கிறது என்ற கேள்வி அவர்களைத் தூங்கவிடவில்லை. அந்த ஊரில் நான் கயிற்றுக்குத் துள்ளினேன் என்பதில் எனக்கு ரகசியமாக ஒரு பெருமை.

ஒரு பையன் துள்ளினால் சொம்பு உருளும். ஒரு மாவட்டமே துள்ளினால்?

2004 டிசம்பர் 26 காலை, சுமத்ராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்து, இரண்டு மணி நேரத்துக்குப் பின் நம் கரைக்குச் சுனாமி வந்தது. தேவனாம்பட்டினம் உட்பட கடலூர்க் கரையோரம் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். நான்கே நாள் கழித்து, டிசம்பர் 30, இன்னொரு சுனாமி வரலாம் என்று தில்லியிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. அவ்வளவுதான். தமிழ்நாட்டுக் கரை முழுவதும் ஜனம் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடியது. அலை வரவில்லை. ஒரு வெளிநாட்டு நிறுவனம் சொன்ன ஆரூடத்தை நம்பிய எச்சரிக்கை அது. அன்றைக்கே அது ஆதாரமற்றது என்று அறிவியல் துறை அமைச்சர் கபில் சிபல் சொன்னார்.

ஓடியவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியுமா? நான்கு நாள் முன்னால் கடல் என்ன செய்தது என்று கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அரண்டவர்கள்தாம், அரள்வதற்குக் காரணம் இருந்தவர்கள். அவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, டார்ச்.

அந்த டார்ச் 2007 அக்டோபரில் வந்தது. ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வேலை தொடங்கியது. ஆழ்கடலின் அடியில் தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகள், கரையில் கடல்மட்டம் அளக்கும் கருவிகள், நிலநடுக்கக் கருவிகள் எல்லாம் அங்கே செய்தி அனுப்பும். 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ரா பக்கம் மறுபடி 8.6 அளவில் அதிர்ந்தது. சென்னையில் கட்டடங்களிலிருந்து ஆட்கள் இறங்கி ஓடினார்கள். கடற்கரைகள் காலியாயின. எச்சரிக்கை போனது, கடலடிக் கருவிகள் 'பெரிய அலை இல்லை' என்று சொன்னதும் மாலைக்குள் எச்சரிக்கை விலக்கப்பட்டது.

இரண்டுமே ராட்சச நிலநடுக்கங்கள். ஒன்றில் அலை வந்தது, ஒன்றில் வரவில்லை. ஏன்? ஓர் அண்டாவில் தண்ணீர் நிரப்பி, உள்ளங்கையை அடியில் மல்லாக்க வையுங்கள். கையைச் சடாரென்று மேலே தூக்குங்கள். தண்ணீர் மேடாகி விளிம்பைத் தாண்டும். அதுதான் 2004, கடலடித் தரை மேலே எழும்பியது. இப்போது அதே வேகத்தில் கையைக் கத்தி மாதிரி நிமிர்த்தி, விரல் போகும் திசையிலேயே முன்னும் பின்னும் இழுங்கள். மேலே சும்மா ஒரு சிலிர்ப்பு. அதுதான் 2012, பாறைத்தட்டுகள் பக்கவாட்டில் உரசி வழுக்கின. (அம்மாவிடம் கேட்டுவிட்டு அண்டாவை எடுங்கள். முதல் சோதனைக்குப் பிறகு சமையலறையைத் துடைக்கவேண்டி வரும்.)

வெட்டி அலாரம் அடிக்கடி அடித்தால் வேறொரு ஆபத்தும் உண்டு. 'புலி வருது, புலி வருது' கதை தெரியுமே. மூளைக்கு அலுத்துப்போகும். இந்த அலுப்பைப் பற்றியும் நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது: 'பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது.' காய்ந்த ஓலை காற்றில் உரசும் சத்தத்தை ராத்திரியில் பனந்தோப்பில் நின்று கேட்டுப் பாருங்கள். யாரோ நடந்து வருவது மாதிரியே இருக்கும். புதிதாக வந்த நரி முதல் நாள் ஓடியிருக்கும். ஆயிரம் தடவை சலசலத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றதும் அதன் காவல்காரன் அந்தச் சத்தத்தை மட்டும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டான். விஞ்ஞானிகள் இதைப் பழக்கமடைதல் என்கிறார்கள். மல்லாட்டைக் கொல்லையில் நட்ட வைக்கோல் பொம்மையின் தலையில் நாலாம் நாள் காக்கை உட்கார்ந்திருப்பதும் இதே கதைதான்.

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி இதை ஒட்டிய ஒரு வழியில் பீட்டர் என்ற குழந்தையின் பயத்தைப் போக்கினார். அவனுக்கு ஏறக்குறைய மூன்று வயது. முயலைக் கண்டால் அழுவான். ஜோன்ஸ் அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டு, கூண்டில் முயலை அறையின் தூர மூலையில் வைத்தார். அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கிட்டே, இன்னும் கொஞ்சம் கிட்டே. கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். 'முயலுக்கா பயப்படுற?' என்று யாரும் கேலி செய்து அந்தப் பயம் போகவில்லை. என் மாமன் பிள்ளைகளுக்கு இதை அனுப்பி வைக்கவேண்டும்.

எத்தனை தடவைக்குப் பிறகு பழக்கம் வருகிறது என்று நீங்களே எண்ணலாம். ஐப்பசி மழையில் முருங்கை மரத்திலும் கிணற்றுச் சுவரிலும் நத்தைகள் ஏறும். ஒரு நத்தையை இலையால் எடுத்து (வெறுங்கையால் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்) ஈரமான பலகையில் வையுங்கள். அது கொம்பை நீட்டி ஊர ஆரம்பிக்கும்வரை காத்திருங்கள். நீட்டியதும் பலகையை விரலால் ஒரு தட்டு. கொம்பு உள்ளே போய்விடும். மறுபடி நீட்டட்டும். அதே பலத்தில் மறுபடி ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். முழுக்க இழுத்துக்கொண்டதா, பாதியா, கண்டுகொள்ளவே இல்லையா என்று பக்கத்தில் எழுதுங்கள். கண்டுகொள்ளாத நிலை வந்ததும் நிறுத்திவிட்டு, நத்தையை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். மறுநாள் அதே நத்தை அகப்பட்டால் இன்னொரு தட்டு. கொம்பு உள்ளே போகிறதா பாருங்கள்.

நான் போன வருடம் செய்தபோது ஆறாவது தட்டில் கரண்ட் போய்விட்டது. டார்ச்சைத் தேடிப் பின்பக்கம் இறங்கினேன். காலில் ஏதோ நீளமாக, குளிர்ச்சியாகத் தட்டுப்பட்டது. செடிக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாய். எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. எவ்வளவு தூரம் துள்ளினேன் என்று என் தங்கை மகள் அளந்து வைத்திருக்கிறாள், கேட்டால் சொல்வாள்.